முழங்கை மடிப்பு

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். பாதி, என்னோடு வேலை செய்யும் மிரேய் எனக்குச் சொன்னது. மீதி, அடுத்த மேசையில் உட்கார்ந்து நானே பார்த்தது. சவரத் தூரிகை ஈரமாக இருந்தது முதலிலா, பஸ்கால் அவளை அப்படிக் கூப்பிட்டது முதலிலா என்று வரிசை கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவேன். அந்த வாசனையைப் பற்றி மட்டும் எனக்குத் தடுமாற்றமே இல்லை. தெற்குப் பிரான்சில், வாசனைத் திரவியம் செய்யும் கிராஸ் ஊரில் மூக்கை வைத்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். கேட்டதை மறந்துவிடுவோம், மோந்ததை மறப்பதில்லை.

அந்த ஜூன் மாதக் கடைசியில், முதலில் தப்பாகப் பட்டது ஒரு சின்ன விஷயம்தான். குளிர் அலமாரியிலிருந்து எடுத்த புட்டி சூடாக இருந்தது.

கொதிக்கிற சூடு இல்லை. யாரோ சட்டைப் பைக்குள் வெகுநேரம் வைத்திருந்து இப்போதுதான் எடுத்துக் கொடுத்ததுபோன்ற சூடு. அலமாரிக்குள் மற்றப் புட்டிகளெல்லாம் வியர்த்துக் குளிர்ந்து நிற்க, இது ஒன்று மட்டும் மிரேயின் உள்ளங்கையில் உடம்புச் சூட்டோடு வந்து உட்கார்ந்தது.

"என்னடி, மாமனாரைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிற?" என்றாள் ஜினேத். வயசுக்கு வந்த நாள் முதல் எங்கள் தராசு மேசையில் எடை போட்டுக் கலந்துகொண்டிருப்பவள் அவள். வாயைக் கட்ட யாராலும் முடியாது.

"அலமாரி கெட்டுப்போச்சு போல. சூடா இருக்கு."

"அவரு எப்பவும் சூடுதான். செத்துட்டா மட்டும் மாறிடுவாரா?"

மிரேய் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புட்டியைத் துணியால் துடைத்தாள், துடைக்க அதில் ஒன்றும் இல்லாதபோதும்.

அந்தப் புட்டிக்குள் இருந்தது லூர். லாவெண்டர் விளையும் அந்த மலையின் பெயரையே வைத்து, எங்கள் நிறுவனம் ஆண்களுக்காகச் செய்து விற்ற முதல் வாசனை. அதன் பக்குவத்தை முடிவு செய்து, கடைசிவரை காவல் காத்தவர் ஒனோரே. எங்கள் தலைமை வாசனைக்காரர், மிரேயின் மாமனார். வாழ்நாள் முழுக்க அவர் வேறு எதையும் பூசியதில்லை. அவர் தாழ்வாரத்தில் வருவது காலடி கேட்குமுன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். நாற்காலியை இழுத்துக்கொண்டு எல்லோரும் எழுந்து நிற்போம். எதையாவது மோந்து பார்க்குமுன் விரல்களின் பின்பக்கத்தால் தொண்டையிலிருந்து முகவாய்வரை ஒரு தடவை மேல்நோக்கித் தடவிக்கொள்வார், காலையில் சவரம் சரியாக விழுந்ததா என்று பார்ப்பதுபோல. பிறகுதான் குனிவார்.

ஒரு பெண்ணின் கையில் லூரைப் பூசி மதிப்பிட அவர் இருந்தவரை விட்டதே இல்லை. "உன் தோலு சர்க்கரை, மிரேய்," என்பார், கனிவாகத்தான். "இது ஆம்பளைத் தோலைத்தான் கேக்கும். நீ ஷாம்பூவைப் பாரு."

மார்ச்சில் அவர் போனார். லூரில் இருக்கும் ஓக் மரப்பாசி சிலர் தோலில் தடிப்பு உண்டாக்குகிறது என்று புது விதிகள் வந்திருந்தன. பாசியை எடுத்துவிட்டு லூரைப் புதிதாகச் செய்தாக வேண்டும். அவர் உயிரோடிருந்தவரை அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. இப்போது நிர்வாகி லோரான் மிரேயைக் கூப்பிட்டார். "புதுசையும் பழசையும் தோல்ல போட்டுப் பாருங்க. திங்கக்கிழமை கூட்டத்துல நீங்க சரின்னா பழசை நிறுத்திடலாம். நீங்க வேண்டாம்னா புதுசைத் தூக்கிப் போட்டுட்டு ஒனோரேயோடத அப்படியே வச்சு அந்த விதியை எதிர்த்து வழக்காடுவோம். ஆனா அரைகுறையா வந்து நிக்காதீங்க. அப்புறம் அவரு சொன்னதுதான் சரின்னு எல்லாரும் பேசுவாங்க."

"பேசட்டும்," என்றாள் மிரேய். "தோலு என்னுது. மூக்கும் என்னுது."

எங்கள் சோதனைக்குச் சில முறைகள் உண்டு. இடது கையில் பழைய மூலக் கலவை, வலது கையில் புதியது, மணிக்கட்டுக்கு மேலே ஓர் உள்ளங்கை அகலம். மறுநாள் வரை கழுவக்கூடாது, அதோடேயே தூங்க வேண்டும். மணமுள்ள சோப்பு கூடாது, காப்பி கூடாது, பூண்டு கூடவே கூடாது. எதையும் மோந்துகொண்டே இருந்தால் மூக்கு அதற்குப் பழகி மரத்துப்போகும். அப்போது முகத்தைத் திருப்பி, சட்டைக் கையை மேலே ஏற்றி, முழங்கை மடிப்புக்குள் மூக்கைப் புதைத்து மூச்சு இழுக்க வேண்டும். அங்கே எதையும் பூசுவதில்லை. அங்கே இருப்பது அவரவர் தோல் மட்டும். அதைத்தான் பூஜ்யம் என்போம். அந்தப் பூஜ்யத்திலிருந்துதான் மற்ற எல்லாவற்றையும் எண்ணுகிறோம்.

இன்னொரு முறையும் உண்டு. மூலப் புட்டியின் வாய் எந்தத் தோலிலும் படக்கூடாது. பட்டால் அந்தத் தோல் உள்ளே போய்விடும்.

மார்ச்சில் அது பட்டிருந்தது. சவப்பெட்டியை மூடுமுன் அப்பாவின் முகத்தில் லூர் பூச வேண்டும் என்று ஆசைப்பட்டது பஸ்கால்தான், மிரேயின் கணவர். பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அவருக்குக் கை எழவில்லை. மிரேய்தான் வாங்கிப் பூசினாள். பெட்டியின் விளிம்புக்கு மேல் எட்டிக் குனிந்தாள். புட்டியின் கண்ணாடி விளிம்பு அந்தச் சில்லிட்ட தாடையில் இடித்து, ஒரு கணம் அங்கேயே ஒட்டி நின்றது. பிறகு அவள் மூடியைத் திருகி, பையில் போட்டு, மறுநாள் அதைக் குளிர் அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்துவிட்டாள். கிழவர் தன் கையால் கலந்த கடைசிக் கலவையில் மிஞ்சிய கடைசிப் புட்டி அது. வேறு யாராக இருந்தாலும் அதைப் பெட்டிக்குள்ளேயே போட்டிருப்பார்கள். எங்களில் ஒருத்திக்கு மூலத்தைத் தூக்கி எறிய மனம் வராது.

வெள்ளிக்கிழமை பகலில் இரண்டு கையிலும் பூசிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

அவர்கள் இருந்தது ஒனோரேயின் வீட்டில்தான். ஊரின் மேல்பக்கம், படிக்கட்டுச் சந்தில், ஒடுக்கமாக எழும்பிய கல் வீடு. வெயிலுக்குப் பயந்து மரக்கதவுகளைச் சாத்தி வைத்த கோடைப் பகல்களில் அதற்குள் பொழுது தெரியாது. கதவுச் சட்டங்களின் இடுக்கு வழியே விழுந்த வெளிச்சக் கோடுகள் தரையோடுகளில் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்க, வெளியே உழவாரக் குருவிகள் கூரைகளுக்கு இடையே கீச்சிட்டு வட்டமிட, உள்ளே மரச்சாமான்கள் சூட்டில் நெளிந்து ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒரு வயசானவர் உட்கார்ந்து எழுவதுபோல முனகிக்கொண்டிருந்தன. மிரேய் மாடியில் சாப்பாட்டு மேசையில் இரண்டு கைகளையும் நீட்டிவைத்து உட்கார்ந்தாள்.

"வாங்க மாமா," என்றாள் காலி நாற்காலியைப் பார்த்து. "உக்காந்து பாருங்க. பாக்கத்தானே போறீங்க."

இடது கையை முகத்தருகே கொண்டுவந்தாள். முதல் மூச்சில் கூசவைக்கும் லாவெண்டர், கற்பூரத்தின் சாயலோடு, மலைக்காற்று மூஞ்சியில் அறைவதுபோல. அதன் தலைமேல் எலுமிச்சைத் தோலின் கசப்பு, அது வந்த வேகத்தில் ஓடிவிட்டது. வெளிச்சக் கோடுகள் மேசைக்காலைத் தொட்ட நேரத்தில் லாவெண்டர் கூச்சம் தணிந்து, சவரக் கடையில் கிண்ணத்தில் நுரைத்த சோப்பாக, கஞ்சிபோட்ட காலராக மாறியது. அப்புறம் காய்ந்த புல். அறுத்து, வெயிலில் ஒருநாள் கிடந்து, கொட்டிலுக்குள் அடுக்கிய புல். எல்லாவற்றுக்கும் அடியில் பாசி: மழை ஈரம் ஏறிய சுவர், கசப்பு, நிழல். நேர்மையாகச் சொன்னால் அது அபாரமாக இருந்தது. அதையும் அவள் சத்தமாகவே சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. என் தோல்லயும் நல்லாத்தான் இருக்கு. கேட்டுக்கிட்டீங்களா?"

வலது கையில் புதியது. லாவெண்டர் அதே லாவெண்டர். சோப்பும் புல்லும் வந்தன. அடியில் பாசி இருந்த இடத்தில் லேசான மரவாசனை, கொஞ்சம் மெல்லியது, ஆனால் சுத்தம். பாவனை இல்லாத சுத்தம். ஜன்னலைத் திறந்து வைத்த லூர் என்று அவளுக்குத் தோன்றியது. முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்தாள். வெதுவெதுப்பான தோல், உப்பு, ஒரு துளி பால்போல. அவள் பூஜ்யம்.

பொழுது சாயும் நேரத்தில் மறுபடி வலது கையை மோந்தாள். அடியில் ஈரச் சுவர் இருந்தது.

புதியதில் பாசி கிடையாது. ஒரு சொட்டுகூடக் கிடையாது. அவள் கண்ணெதிரே ஜினேத் எடை போட்டுக் கலந்தது. முழங்கையில் மூச்சு இழுத்துவிட்டு வந்து இன்னொரு முறை மோந்தாள். பாசி. அதற்கும் அடியில், புட்டியில் எப்போதும் இருந்திராத ஒன்று: வயசான ஒரு கழுத்தின் சூடு.

"ஒரு கையிலேருந்து இன்னொரு கைக்கு ஒட்டியிருக்கும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கைகள் மேசையின் இரண்டு ஓரங்களில் இருந்தன. அவை ஒன்றையொன்று தொடவே இல்லை.

கீழே கதவு திறந்தது. சோதனை நாட்களில் பஸ்கால் தெருமுனைக் கடையில் பூண்டும் துளசியும் போட்ட சூப்பை வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் வருவார். அவள் மூக்குக்காக வீட்டில் அது கிடையாது. அவர் சமையலறையில் இவளுக்கு முதுகைக் காட்டி நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் வெறுங்காலோடு மாடிப்படியில் இறங்கிவந்தாள். அவர் திரும்பவில்லை.

"அப்பா, ஜன்னலைத் திறக்காதீங்க," என்றார். "இன்னும் அனல் அடிக்குது."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. டம்ளர் நிரம்பி, அவர் விரல்மேல் வழிந்தது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். முகம் காகிதம்போல் வெளுத்திருந்தது.

"நீயா," என்றார். "சே. வாசனையில... என்னமோ உளறிட்டேன்."

"பரவாயில்ல. எனக்கும் அவருதான் ஞாபகம் வர்றாரு."

"இந்த வேலையை வேற யார்கிட்டயாவது விட்டுடக் கூடாதா, மிரேய்?"

"ஏன்? அவரு திட்டுவாருன்னா?"

பஸ்கால் குழாயை மூடினார். சமையலறைக்கு வெளியே படிக்கட்டில் ஒரு மரப்பலகை முனகியது. இரண்டு பேரும் அதைக் கேட்காததுபோல் இருந்தார்கள்.

மறுநாள் காலை கையைக் கழுவக் கீழே இருந்த கிழவரின் குளியலறைக்குப் போனாள். மாடிக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். மார்ச்சுக்குப் பிறகு அவர் சாமான்களை யாரும் எடுத்துவைக்கவில்லை. சவரக்கத்தி, வெட்டுக்காயத்தில் தேய்க்கும் படிகாரக் கட்டி, கிண்ணம், நாலாக மடித்த கைக்குட்டைகள், எல்லாம் தூசியோடு வரிசையாக இருந்தன. தூரிகையின் மயிர்கள் மட்டும் நனைந்து ஒன்றாகக் கூம்பியிருந்தன. அவள் தொட்டாள். வெந்நீர். நுரையின் கடைசிக் குமிழி ஒன்று அவள் பார்க்கப் பார்க்க உடைந்தது.

பயந்தாள். பயத்தை எனக்கு மறைக்காமல் சொன்னாள்: கழுவு தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன் என்றாள். ஆனால் அடுத்து அவள் செய்தது தூரிகையை எடுத்துக் குப்பைக் கூடையில் எறிந்ததுதான். அப்புறம் வாசனையில்லாச் சோப்பு, அப்புறம் களிமண், அப்புறம் சாராயம், தோல் சிவந்து எரியும்வரை இரண்டு கைகளையும் தேய்த்தாள்.

"நான் நிறுத்திட்டா உங்கது அப்படியே நிக்கும்," என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "அதுதானே வேணும்? மாட்டேன். இன்னொரு தடவை போடுவேன். உங்களைப் போடமாட்டேன், புதுசை மட்டும் போடுவேன்."

புதியதை வலது கையில் மட்டும் பூசினாள். இடது கை வெறும் கை. பஸ்கால் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு கடற்கரை ஊரான ஆந்தீபில் இருந்த நண்பர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். மதியம் மணி அடித்து ஓய்ந்தபோது வெறும் இடது கையை, சும்மா, ஒரு வைராக்கியத்துக்கு, முகத்தருகே கொண்டுவந்தாள்.

லாவெண்டர். கூசவைக்கும் முதல் லாவெண்டர். இப்போதுதான் பூசியதுபோல.

அவள் எழுந்து எல்லா மரக்கதவுகளையும் படார் படாரென்று திறந்துவிட்டாள். வெயில் உள்ளே பாய்ந்தது. குருவிகளின் கூச்சல், எதிர்வீட்டு வானொலி, யாரோ நாய்க்குட்டியை அதட்டும் குரல், எல்லாம் உள்ளே வந்தன. அவள் நடுக்கூடத்தில் வெளிச்சத்தில் நின்று தன் உடம்பைத் தானே மோந்து அளந்தாள். மணிக்கட்டில் சவரச் சோப்பு. முன்கையில் காய்ந்த புல். தோளில் பாசி. சட்டையின் கழுத்தை இழுத்து உள்ளே குனிந்து மூச்சு இழுத்தாள். கழுத்தெலும்பில் அந்தக் கிழட்டுக் கழுத்தின் சூடு. கூந்தலை முன்னால் வாரிப் போட்டு மோந்தாள். கஞ்சிபோட்ட காலர்.

அவளுக்குள் அவர் நடந்துவந்துகொண்டிருந்தார். அவசரமில்லாமல். தாழ்வாரத்தில் வருவதுபோல.

மிச்சமிருந்தது முழங்கை மடிப்பு மட்டும். வலது கையின் மடிப்பு. அங்கே இன்னும் உப்பும் பாலும் இருந்தன. வெந்நீரில் போட்டு எடுத்து வெயிலில் காய்ந்த ஒரு வெள்ளைத் துணியை அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள், பல்லால் ஒரு முனையை இழுத்து.

"இது என்னுது," என்றாள். "வந்து எடுத்துப் பாருங்க."

அவள் படுக்கவில்லை. அந்த இரவை எப்படியோ உட்கார்ந்தே கழித்தாள். அதைப் பற்றி அவளுக்குச் சொல்ல அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பகலிலும் நாற்காலியை வெயில் விழும் இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டின கையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆவேசம் குறையவில்லை. வாய் ஓயாமல் அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷம் சாப்பாட்டு மேசையில் விழுங்கிய பதில்கள் அத்தனையும். ஷாம்பூ பற்றி. சர்க்கரை பற்றி. பஸ்கால் வாயைத் திறக்குமுன் மகனுக்கும் சேர்த்து இவரே பேசி முடித்ததைப் பற்றி. கீழே குழாய் திறந்தது. அவள் குரலை உயர்த்தினாள். கிண்ணத்தில் தூரிகை சுழன்றது. இன்னும் உயர்த்தினாள். படியில் ஒரு பலகை. அடுத்த பலகை. வெயில் சுட்டது. கண் எரிந்தது. இமை ஒரு தடவை, ஒரே தடவை, மூடியது.

திறந்தபோது வீடு அமைதியாக இருந்தது.

வெயில் சுவரில் ஏறியிருந்தது. அவள் மூச்சு இழுத்தாள். ஒன்றும் இல்லை.

இடது கை. ஒன்றும் இல்லை. தோள், கழுத்து, கூந்தல். இல்லை. திரைச்சீலையை மோந்தாள், அவர் நாற்காலியின் சாய்மானத்தை மோந்தாள், இத்தனை மாதம் எத்தனை துவைத்தும் போகாத அந்த வாசனை எங்கேயும் இல்லை. முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்தாள். சுத்தம். பூஜ்யம்.

அவள் சிரித்தாள். வாய்விட்டு, தொண்டை வலிக்கச் சிரித்தாள். ஜெயித்துவிட்டாள்.

கையில் கட்டியிருந்த துணி கையில் இல்லை. நாற்காலியின் பக்கத்தில் தரையில் கிடந்தது. நாலாக மடித்து.

அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, தூக்கத்தில் நானே அவிழ்த்திருப்பேன் என்று நினைத்தாள். தாடை லேசாக எரிந்தது. வெயில், என்று நினைத்தாள்.

சாயங்காலம் பஸ்கால் திரும்பி வந்தார். தெருக்கதவைத் திறந்தவர் வாசலைத் தாண்டவில்லை.

"மிரேய்?"

"போயிட்டாரு, பஸ்கால்! மோந்து பாரு. வீடு மொத்தமும் சுத்தம். ஒரு சொட்டு இல்ல."

அவர் கை மெதுவாக எழுந்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டது. கண்ணில் நீர் கோத்திருந்தது. பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்ட பத்து வயசுப் பையன் நிற்பதுபோல் கதவில் முதுகை ஒட்டி நின்றார்.

"ஏன் அங்கயே நிக்கிற? உள்ள வா."

அவர் வந்தார். சொன்னதும் வந்துவிட்டார். அதுதான் தன்னால் தாங்க முடியாமல்போனது என்று பிற்பாடு அவர் எனக்குச் சொன்னார்.

திங்கட்கிழமையை நானே பார்த்தேன். கூட்ட அறையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்: லோரான், ஜினேத், நான், விற்பனைப் பக்கத்து ஆட்கள் சிலர். ஏதோ பேச்சில் சிரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று சிரிப்பு நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டன. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தோம். தாழ்வாரத்தில் காலடி அதன் பிறகுதான் கேட்டது.

கதவைத் திறந்துகொண்டு மிரேய் வந்தாள். நன்றாகத் தூங்கி எழுந்தவள்போலத் தெளிவாக இருந்தாள். அவளோடு லாவெண்டர் உள்ளே வந்தது, அதன் பின்னால் புல், அதன் பின்னால் பாசி, அறை நிரம்பியது.

"என்ன, எனக்கா எழுந்து நிக்கிறீங்க?" என்று சிரித்தாள். "உக்காருங்க."

உட்கார்ந்தோம்.

பழைய மூலத்தில் காகிதப் பட்டையை நனைத்து முகத்தருகே வைத்தாள். முழங்கை மடிப்பில் ஒரு மூச்சு. மறுபடி பட்டை. உதட்டைப் பிதுக்கினாள்.

"தண்ணி," என்றாள். "இதுல ஒண்ணுமே இல்ல. செத்துப்போச்சு. இதைக் காப்பாத்தவா இத்தனை கூத்து?"

நான் மேசையின் மறுகோடியில் இருந்தேன். அந்தப் பட்டையின் வாசனை எனக்கு அங்கே வரை வந்து கண்ணைக் கரித்தது. எங்களில் யாருக்கும் புரியாத விஷயம் இல்லை அது. மூக்கு எதற்குப் பழகிவிடுகிறதோ அது மூக்குக்கு இல்லாமல் போய்விடும். தன் தோலை யாரும் மோந்து அறிவதில்லை.

"புதுசு?" என்று கேட்டார் லோரான்.

"நல்லா இருக்கு. சுத்தமா இருக்கு. நான் சரின்னு சொல்றேன்." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அத்தனை கம்பீரம். "ஒரு பொம்பளைத் தோலு சொல்லுது. ஏத்துக்குவீங்கல்ல?"

"மிரேய்," என்றாள் ஜினேத். அவள் வாயிலிருந்து அத்தனை சின்னக் குரல் வந்து நான் கேட்டதில்லை. "உன் கையைக் கொஞ்சம் குடுடி."

மிரேய் சந்தோஷமாக நீட்டினாள். ஜினேத் அவள் சட்டைக் கையை மேலேற்றி, முழங்கை மடிப்பில் குனிந்து மோந்தாள். வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். சட்டைக் கையை இறக்கி, பொத்தானைப் போட்டுவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

லோரான் தீர்ப்பை ஏற்றார். அந்த வாரமே மூலப் புட்டியைக் கவிழ்த்துக் கழுவி உடைத்தோம். அது குளிர்ந்துதான் இருந்தது. இப்போது கடையில் கிடைக்கும் லூர் புதியது, நன்றாக விற்கிறது. லோரான் கடற்கரைப் பக்கம் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

பஸ்கால் ஆந்தீபில் தனியாக இருக்கிறார். விவாகரத்து கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது என்றார். அவளைப் பார்த்தா என்று நான் கேட்டேன்.

ஜினேத் அந்த இலையுதிர் காலத்தில் வேலையை விட்டாள். வேறொரு வாசனைக்கு ஒரு தோல் வேண்டியிருந்தது. அவள் தன் கையை மிரேயிடம் நீட்டினாள். மிரேய் குனிந்து மோந்துவிட்டு, கனிவாகத்தான், "உன் தோலு சர்க்கரை, ஜினேத்," என்றாள். ஜினேத் கையைத் துடைத்துக்கொண்டு, கோட்டை எடுத்துக்கொண்டு, அன்றே போனவள்தான்.

நான் இன்னும் அடுத்த மேசையில்தான் இருக்கிறேன். அவள் தாழ்வாரத்தில் வரும்போது எழுந்து நிற்கிறேன்.

மிரேய் நன்றாக இருக்கிறாள். எங்கள் மதிப்பீட்டுப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள், பயமில்லை என்கிறாள், அவரை விரட்டிய கதையைப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துச் சொல்கிறாள். இன்று காலையும் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பட்டையைக் கையில் எடுத்தாள். மோந்து பார்க்குமுன் விரல்களின் பின்பக்கத்தால் தொண்டையிலிருந்து முகவாய்வரை ஒரு தடவை மேல்நோக்கித் தடவிக்கொண்டாள். ஒரு மயிர்கூட முளைக்காத அந்தத் தாடைக்குக் கீழே, புதிதாக விழுந்த ஒரு சின்ன வெட்டு. அதன்மேல் படிகாரம் தேய்த்த வெள்ளைத் தடம் இன்னும் காய்ந்திருக்கவில்லை.